'நிரந்தர' என்றோர் அடைமொழி

தமிழ் படித்தவளுக்கு எந்தத் தாளைக் கண்டாலும் அதைப் பிரதியாக வாசிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருக்கும் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து செபியின் ஒரு படிவத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். வணிகப் பொறுப்பும் நிலைத்தன்மையும் பற்றிய அறிக்கை அது. மின்சாரம், தண்ணீர், கழிவு என்று கேட்டுவிட்டுப் பெண்களைப் பற்றியும் கேட்கிறது: எத்தனை பேர், ஆணின் இடைநிலை ஊதியம் எவ்வளவு, பெண்ணுடையது எவ்வளவு, பாலியல் துன்புறுத்தல் புகார்கள் எத்தனை. இவற்றைக் கேட்க வைத்ததே பெரிய காரியம். அதை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் இரண்டு கேள்விகளின் முன்னால் ஓர் அடைமொழி நிற்கிறது. வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் எவ்வளவு? 'நிரந்தர'ப் பணியாளர்களுக்கு மட்டும். மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்? அங்கும் 'நிரந்தர'. மற்றவர்களின் தலைகளைப் படிவம் எண்ணிக்கொள்கிறது. அவர்கள் எப்போது போனார்கள், பிள்ளை பெற்றபின் வந்தார்களா என்று கேட்பதில்லை.

ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளி பக்கம் இந்த அடைமொழியின் எடை தெரியும். விடியலில் கம்பெனி பஸ் ஏறும் பெண்களில் பலர் காண்ட்ராக்ட் ஏஜென்சி வழியாக வந்தவர்கள். என் மாணவிகளும் பட்டம் வாங்கிய கையோடு அந்த பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். போச்சம்பள்ளி ஓலா ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பேர் என்று 2021 செப்டம்பரில் அதன் நிறுவனர் அறிவித்தார். ஓசூர் ஐபோன் ஆலையில் 60,000 பேர் வேலை செய்வார்கள், முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் என்று 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். வரும்போது எண்ணிச் சொல்கிறார்கள். போகும்போது? ஓசூர் ஆலையை நடத்தும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாதது. செபி படிவத்தின் கட்டாயம்கூட அதற்கு இல்லை.

வளரும் நாடுகளில் பெருந்தரவுப் பகுப்பாய்வு நிறுவனங்களின் நிலைத்த செயல்திறனை உயர்த்துகிறது என்று மேலாண்மை ஆய்வுகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. மின்சாரமும் மூலப்பொருளும் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை மேலாளர்களிடம் வினாத்தாள் கொடுத்து, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லிக் கட்டியவை. சமூகப் பொறுப்பில் நிறுவனம் முன்னேறியதா என்பதற்கும் மேலாளரே சாட்சி. இவற்றில் பல சாய்ந்து நிற்பது ஜே பார்னி 1991இல் எழுதிய வளம்சார் கோட்பாட்டின் மேல். மதிப்புள்ளது, அரிதானது, பிறரால் நகலெடுக்க முடியாதது, மாற்று இல்லாதது எதுவோ அந்த வளமே நிறுவனத்தை நிலைத்து முந்த வைக்கும் என்பது அதன் சாரம். ஒப்பந்தம் முடிந்ததும் மாற்றப்படுகிறவள் இதில் எங்கே வருகிறாள்? 'மனிதவளம்' என்ற பெயர்ப்பலகையில் மட்டும். வளம் அஃறிணை, அந்த அளவுக்குப் பெயர் பொருத்தம்தான்.

தரவு போதாமல்தான் இப்படி ஆகிறது என்பார்கள். எல்லைக்கு அப்பால், கோலார் மாவட்டம் நரசாபுராவைப் பாருங்கள். 2020 டிசம்பர் 12 அன்று, ஊதியம் சரியாக வராத ஆத்திரத்தில் விஸ்ட்ரான் ஐபோன் ஆலையைத் தொழிலாளர்கள் அடித்து நொறுக்கினார்கள். வேலைநேரம் எட்டிலிருந்து பன்னிரண்டு மணியானதையும், வருகைப்பதிவு முறை பழுதாகிச் சரிசெய்யப்படாமல் கிடந்ததையும், அனுமதியின்றிப் பெண்களிடம் கூடுதல் நேரம் வேலை வாங்கியதையும் கர்நாடகத் தொழிற்சாலைகள் துறை பதிவு செய்தது. வேலைநேர நிர்வாகம் சரியில்லாததால் அக்டோபர், நவம்பரில் சிலருக்கு ஊதியம் தாமதமானது என்று ஆப்பிளும் சொன்னது. ஓர் உதிரிபாகம் எந்த நிமிடம் எந்த மேசையைக் கடந்தது என்று சொல்லக்கூடிய தொழில் இது. அங்கேதான் ஒருத்தி எத்தனை மணிநேரம் நின்றாள் என்ற கணக்கு தொலைந்தது. அந்த ஆலையை 2023இல் டாடா எலெக்ட்ரானிக்ஸ் வாங்கிக்கொண்டது.

ஆகவே புதிய மென்பொருள் எதையும் நான் கேட்கவில்லை. அந்த இரண்டு கேள்விகளிலும் 'நிரந்தர' என்ற சொல்லை அடித்துவிட வேண்டும். பட்டியலிடப்படாத பெரிய ஆலைகளையும் அவற்றுக்குப் பதில் சொல்ல வைக்க வேண்டும். எண்கள் கைவசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாதாமாதம் தலைக்கு இவ்வளவு என்று பில் போடுகிற ஏஜென்சி, யார் வந்தாள், எந்தத் தேதியில் நின்றாள் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது.