துயருற்றவள் எழுதிய மருந்துச் சீட்டு: நாச்சியார் திருமொழியை முன்வைத்துச் சில குறிப்புகள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அரைமணி நேரம். மார்கழி விடியலில் போனால் வழியெங்கும் ஸ்பீக்கரில் திருப்பாவை. முப்பது பாட்டில் பாதியாவது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதே ஆண்டாளின் நாச்சியார் திருமொழி, 143 பாடல்கள், அப்படி ஒலிப்பதில்லை. அதிலிருந்து கல்யாணக் கனவைச் சொல்லும் ‘வாரணமாயிரம்’ மட்டும் வைணவர் கல்யாண வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு பிரதியிலிருந்து ஒரு சமூகம் எதை எடுத்துக்கொள்கிறது, எதை ஓரத்தில் வைக்கிறது என்பது தற்செயலானது அல்ல. நோன்பை எடுத்துக்கொண்டோம். கல்யாணத்தை எடுத்துக்கொண்டோம். வலியை அங்கேயே விட்டுவிட்டோம்.

நான் இங்கே பேச விரும்புவது பதின்மூன்றாம் திருமொழியைப் பற்றி. அவள் தெய்வமா, மானுடப் பெண்ணா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. பாட்டில் பேசுகிற தன்னிலை என்ன செய்கிறது என்பதே என் அக்கறை. கண்ணனை நினைத்து நலிந்து கிடக்கிறாள். சுற்றி நிற்கும் பெண்கள் புத்திமதி சொல்கிறார்கள். வெளியே நின்றுகொண்டு ஏசுவது காயத்தில் புளியைக் கரைத்து ஊற்றுவது போலிருக்கிறது, அதை நிறுத்துங்கள் என்கிறாள். அதோடு நிற்கவில்லை. அவன் இடுப்பில் கட்டிய மஞ்சள் துணியைக் கொண்டுவந்து என் வாட்டம் தீர வீசுங்கள் என்கிறாள். அவன் சூடிய துளசி, அவன் காலடி மண் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். எதைச் சூட்ட வேண்டும், எதைப் பூச வேண்டும் என்பதும் அவள் வாயாலேயே வருகிறது. அதாவது நோயுற்றவளே மருந்துச் சீட்டு எழுதுகிறாள். என் நோய் எனக்குத் தெரியும், உங்களால் ஆகக்கூடிய காரியம் இன்னது என்று சொல்கிற குரல் இது. தமிழில் இப்படி ஒரு குரல் இத்தனை காலமாக இருந்தும் நமக்குக் காது இல்லாமல் போனது எப்படி?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெரியவாச்சான் பிள்ளை இதற்கு வியாக்கியானம் எழுதினார். அந்த மரபில் இந்தத் துயரம் இறைவனைப் பிரிந்த உயிரின் துயரமாகப் பொருள்கொள்ளப்படுகிறது. பக்தர்களுக்கு அந்த வாசிப்பு தேவைப்பட்டது, அதை நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால் உரை என்பதன் இயக்கத்தைக் கவனிக்க வேண்டும். வலியைப் பேசியவர் ஒருவர், அதன் அர்த்தத்தைச் சொல்பவர் இன்னொருவர். கோடாங்கி உடுக்கை அடித்து இன்ன பேய் என்கிறார். டாக்டர் சீட்டில் இன்ன நோய் என்று எழுதுகிறார். புரட்சிக்காரன் இன்ன வர்க்கச் சிக்கல் என்கிறான். நான்கு சொல்லாடல்களும் ஒன்றல்ல. ஆனாலும் பேச்சு கைமாறுகிற இடம் நான்கிலும் ஒன்றுதான்.

இது எனக்குப் புத்தகத்தில் மட்டும் கிடைத்த விஷயமல்ல. முப்பது வருஷத்துக்கு முன்னால், மில்லில் மூணாவது ஷிப்ட் பார்த்த காலத்தில், எனக்குத் தூக்கம் போனது. பகலிலும் வரவில்லை. சோறு இறங்கவில்லை. “பய ஒரு மாதிரி ஆயிட்டான், எங்கயோ பயந்திருக்கான்” என்று அம்மா மந்திரிக்கக் கூட்டிப்போனாள். பிறகு அக்கா வீட்டுக்காரர் வெளியூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். “தூங்குறாரா? சாப்பிடுறாரா? தனியா பேசுறாரா?” எல்லாக் கேள்வியும் அத்தானிடம். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். மாத்திரை வேலை செய்தது, தூங்கினேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாத்திரையே அதிகாரத்தின் சதி என்று பேசுகிறவர்கள் நம் பக்கத்தில் உண்டு. எனக்கு மாத்திரையும் தேவைப்பட்டது, என்னிடம் ஒரு கேள்வியும் தேவைப்பட்டது. முதலாவது மட்டும் கிடைத்தது.

கேட்கப்படாமை அதன் எல்லைவரை போனால் என்ன ஆகும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் வந்தது, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது அதன் 95ஆம் பிரிவு. 5ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. நாளை எனக்கு மனநோய் வந்தால் என்னை எப்படிப் பராமரிக்க வேண்டும், எப்படிப் பராமரிக்கக் கூடாது என்று இன்றே எழுதிவைக்கும் உரிமையை வயதுவந்த ஒவ்வொருவருக்கும் அது தருகிறது. பதின்மூன்றாம் திருமொழியின் குரலுக்கு ஒரு சட்டப்பிரிவு கிடைக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. நம் எழுத்தாளர்களில், இயக்கத் தோழர்களில் எத்தனை பேர் அப்படி எழுதிவைத்திருக்கிறோம்?

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் நாம் ஃபூக்கோவைக் கண்டுபிடித்தோம். பைத்தியத்தைப் பற்றிப் பகுத்தறிவு மட்டும் ஒற்றைக் குரலில் பேசிக்கொண்டிருக்கிறது என்று அவர் 1961இல் எழுதியது நமக்குப் பெரிய திறப்பு. ஆனால் அந்தத் திறப்பின் வழியாக நாம் போய்ச் சேர்ந்த இடம் வேறு. பிறழ்வைக் கலகமாகக் கொண்டாடினோம். ‘ழ’ இதழை நடத்திய ஆத்மாநாம் 1984இல் இறந்தார். அந்தச் சாவை ஒரு படிமமாக்கினோம், அவர் பட்ட வேதனையை அல்ல. நானும் அப்படிக் கட்டுரை எழுதியவன்தான். அந்த நாட்களில் ஒரு கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது ஒரு தோழர் வந்து சொன்னார்: “தோழர், மூணு நாளா தூக்கமே இல்ல. என்னமோ பண்ணுது.” நான் அந்நியமாதல் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். தூக்கம் போன வலி தெரிந்தவன்தான் நான். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு கூட்டங்களுக்கு வரவில்லை. காயத்தில் புளி ஊற்றியவர்களில் நானும் ஒருவன்.

இதற்கு எதிர்த்திசையில் நடந்த ஒருவர் நம்மிடையே இருந்தார். மதுரையில் பிறந்த கோபிகிருஷ்ணன், 2003இல் மறைந்தவர். மனநல சமூகப் பணியாளராக வேலை பார்த்தவர், தானும் அந்த வேதனையை அனுபவித்தவர். மனநோயாளிகளோடு பழகியதிலிருந்து அவர் எழுதிய நூலுக்கு ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ என்று பெயர். அந்தத் தலைப்பில் குரல்கள்தான் இருக்கின்றன, நோய்களின் பெயர்கள் இல்லை. பைத்தியத்தை அவர் அழகாக்கவில்லை, கலகமாகவும் ஆக்கவில்லை. உட்கார்ந்து கேட்டார். நம் விமர்சனம் அவரை ‘விசித்திர எழுத்தாளர்’ என்று ஓரம்கட்டியதில் நம்முடைய பயம் இருக்கிறது.

போன வருஷம் அந்தத் தோழரைப் பார்க்க சத்திரப்பட்டிக்குப் போனேன். மருத்துவத்துக்கான பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். ஆஸ்பத்திரிகளில் புண்ணைச் சுற்றுகிற துணி. விசைத்தறி ஓட்டுகிறார். மாத்திரை சாப்பிடுகிறார், தூங்குகிறார். அந்த டீக்கடையை நான்தான் நினைவுபடுத்தினேன். சிரித்தார். “நீங்க பேசுனது ஒண்ணும் தப்பில்ல தோழர். பேசாம கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்திருக்கலாம். மறுநா டாக்டர்கிட்ட கூட வந்திருக்கலாம்.” தறிச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்லுங்க என்றேன். சொன்னார்.