வயிறும் சட்டையும்

ஆடம் ஸ்மித் என்றால் ‘கண்ணுக்குத் தெரியாத கை’, அந்தக் கை என்றால் சந்தை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எஞ்சினியரிங் முடித்துப் பல வருஷம் கழித்துத்தான் ‘அறவுணர்வுகளின் கோட்பாடு’ (1759) படித்தேன். அங்கே அந்தக் கை சோறு பங்கிடுகிறது.

ஸ்மித்தின் வாதம் இதுதான்: கர்வம் பிடித்த நிலச்சுவான்தார் மொத்த விளைச்சலையும் தானே தின்பதுபோல மனசுக்குள் பூரிக்கிறார். ஆனால் அவர் வயிறு குடியானவன் வயிற்றைவிடப் பெரிசில்லை. மீதியைச் சமையல்காரனுக்கும், மாளிகையைப் பராமரிப்பவனுக்கும், ஆடம்பரப் பொருள் செய்பவனுக்கும் கொடுத்தே ஆகவேண்டும். ஆகவே பூமியைச் சமமாகப் பங்குபோட்டால் கிடைப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது.

சரி, வயிறு நிறைஞ்சாச்சு. அவ்வளவுதானா? தன் பங்கைச் சாப்பிடுபவனும், இன்னொருத்தர் ஆடம்பரத்தை நம்பிச் சாப்பிடுபவனும் ஒன்றா?

இந்தக் கேள்விக்குப் பதில் ஸ்மித்திடமே இருக்கிறது. ‘நாடுகளின் செல்வம்’ (1776) நூலில் அத்தியாவசியப் பொருள் எது என்று விளக்குகிறார். உயிர்வாழத் தேவையானது மட்டுமில்லை, எது இல்லாமல் வெளியே வர ஏழையும் கூசுவானோ அதுவும்தான். பண்டைய கிரேக்கர்கள் லினன் சட்டை இல்லாமலே சௌகரியமாக வாழ்ந்தார்கள். ஸ்மித் காலத்து ஐரோப்பாவிலோ, அது இல்லாமல் நாலு பேர் முன்னால் வர நாட்கூலிக்காரன் வெட்கப்படுவான். வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு. வெட்கத்தின் அளவைத் தீர்மானிப்பது சுற்றியிருப்பவர்கள். வயிற்றை வைத்துப் போட்ட கணக்கு இங்கே உடைந்துவிடுகிறது.

1790இல், அவர் இறந்த வருஷம், முதல் நூலின் ஆறாம் பதிப்பு வந்தது. அதில் ஒரு அத்தியாயத்தைப் புதிதாகச் சேர்த்தார். பணக்காரரை வியந்து ஏழையை அலட்சியம் செய்யும் நம் சுபாவமே அறவுணர்வு கெடுவதற்கு ஆகப் பெரிய காரணம் என்கிறார். ஆனால் அதே வாக்கியத்தில், சமூகப் படிநிலைக்கும் ஒழுங்குக்கும் அந்தச் சுபாவம் தேவை என்றும் சொல்லிவிடுகிறார்! பழைய சோற்றுக் கணக்கையும் நீக்கவில்லை. நோயை இவ்வளவு துல்லியமாகக் கண்டவர் அதோடு சமாதானமாகிவிட்டார் என்பதே ஸ்மித் மீதான என் புகார்.

புகார் சொல்லும் நான் மட்டும் யோக்கியமா? எங்கள் ஆபீஸில் தரை துடைக்கும் அக்காவுக்கும் எனக்கும் மதியம் ஒரே கேன்டீன் சாப்பாடுதான். வயிற்றுக் கணக்கில் நாங்கள் சமம். மூணு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன், பேர் தெரியாது. அந்த அத்தியாயத்தைப் படித்த மறுநாள்தான் கேட்டேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது.