ஜானுவும் புதைனாவும்

கலசப்பாக்கத்தில் நம்மிடம் பாடம் கேட்டவரும், இன்று ஆரணியில் பட்டுத்தறி நெய்பவருமான ஓர் அன்பர், ‘96’ என்னும் திரைப்படத்தைத் தம் துணைவியாருடன் மும்முறை கண்டதாகக் கூறினார். துணைவியார் கேட்டது ஒரே வினாவாம்: “ஊருக்குப் போனதும் அந்தம்மா வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லியிருப்பாங்களா?” படத்தைப் புகழ்ந்தெழுதியோர் பலர், இவ்வினாவை எழுப்பியோர் நம் கண்ணில் படவில்லை.

சி. பிரேம்குமார் இயக்கி 2018 அக்டோபரில் வெளிவந்த படம் அது. தஞ்சைப் பள்ளியொன்றில் உடன் பயின்ற ராமும் ஜானுவும், 22 ஆண்டுகளுக்குப் பின், சென்னையில் கூடும் பழைய மாணவர் சந்திப்பில் மீளக் காண்கின்றனர். அவன் மணமாகாதவன். அவளோ சிங்கப்பூரில் கணவனும் மகளுமாக வாழ்பவள். விடிந்தால் விமானம். இடைப்பட்ட ஓரிரவே கதை.

அறபிலக்கியம் பயின்றோர்க்கு இது பழகிய களம். ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் உத்ரா குலத்துக் கவிஞர் ஜமீல், தம் குலப்பெண் புதைனாவை நேசித்தார். அவளை நுபைஹ் என்பவர்க்கு மணமுடித்தனர். ஆயினும் சந்திப்புகள் நின்றபாடில்லை. அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானியின் ‘கிதாபுல் அகானீ’ ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. ஓரிரவு ஜமீல், தம் காதலுக்குக் கைம்மாறு வேண்டுவதுபோல் பேசினார். புதைனா சினந்து, ‘உம்மிடம் இதனை எதிர்பார்த்திலேன்’ எனும் பொருள்பட மறுத்தாள். அவர் நகைத்து, அவள் உள்ளத்தை அறியவே அவ்வாறு கேட்டதாகச் சொன்னார். வாளோடு மறைந்திருந்து கேட்ட தந்தையும் தமையனும் ஓசையின்றித் திரும்பினராம். இத்தகு காதலுக்கே அக்குலத்தின் பெயரால் ‘உத்ரீ’ என்று பெயர் வழங்கலாயிற்று.

ராமும் உத்ரீ மரபினனே. தொடுதற்கே கூசுகிறான். ஆனால் அங்கே வாளோடு நின்ற செவிகள் இருந்தன. இங்கே மறைந்திருந்து கேட்போர் திரையரங்கில் அமர்ந்த நாம் மட்டுமே. நம் கையில் வாளில்லை, கண்ணீரே உண்டு. இயக்குநர் அதனை நன்கறிந்தவர்.

படத்தின் சிறந்த காட்சி, ராமின் மாணவியர் ஜானுவை அவன் மனைவியெனக் கருதும் இடம். அவள் மறுக்கவில்லை. கல்லூரிக் காலத்தில் கைநழுவிய சந்திப்பொன்று கைகூடியதாகவும், மணம் நிகழ்ந்ததாகவும் ஒரு வரலாற்றையே புனைந்துரைக்கிறாள். த்ரிஷாவின் முகத்தில் அப்போது படரும் மகிழ்ச்சி மெய்யானது, சொல்லோ பொய். உடல் காத்த எல்லையை நா கடந்துவிட்டது. படம் இதனை உணர்கின்றதா? உணர்ந்தே அமைத்தது என்பதே நம் கணிப்பு. விஜய் சேதுபதி அங்கே திகைத்து நிற்பதைக் காண்க, அவனுக்குத் தெரிகிறது.

குறை வேறிடத்தில் உள்ளது. ஜானு தன் இல்வாழ்வு அமைதியானது என்கிறாள், அவ்வளவே. அவ்வமைதியில் பங்குடைய மனிதர்க்குக் கதையில் இடமில்லை. அவர் தீயவராயின் நாம் ஜானுவை மன்னித்திருப்போம்; நல்லவராகக் கண்முன் நின்றிருப்பின் இத்துணை எளிதில் உருகியிருக்க மாட்டோம். இரண்டையும் தவிர்க்கவே அவரைக் கடல்கடந்து நிறுத்தினர். கஞ்சவி நிழாமி 1188-இல் முடித்த காவியத்தில் லைலாவும் கைஸும் பள்ளித் தோழர்களே. அங்கே லைலாவின் கணவன் இப்னு ஸலாமுக்கும் நோயுண்டு, சாவுண்டு. பாவு மட்டும் ஓட்டி ஊடையின்றிச் சேலை நெய்தல் எவ்வாறு என, நம் அன்பரைக் கேட்டோம். அவர் சிரித்தார், நான்காம் முறையும் பார்க்கப் போவதாகச் சொன்னார், துணைவியார் வரவில்லையாம்.