மலர்த்துணியில் இடம்பெறாதோர்

கலை மக்களுக்காகவே என்று வற்புறுத்தும் நாம், அம்மக்கள் யாவர் என்ற வினாவைச் சில வேளைகளில் மறந்துவிடுகின்றோம். 'மக்கள்' என்னும் சொல்லுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டோர் கலையை எவ்வாறு கையாளுகின்றனர் என்பதை அறிய, ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறிய மொங் மக்களின் அனுபவம் துணைபுரியும்.

லாவோஸ் மலைகளில் வாழ்ந்த இம்மக்களுட் பல்லாயிரவர், 1960களின் தொடக்கம் முதல் அமெரிக்க உளவுத்துறையின் இரகசியப் போரிற் படையாட்களாகப் பயன்படுத்தப்பட்டனர். 1975இல் அமெரிக்கா பின்வாங்கியது. பழிவாங்கலுக்கு அஞ்சிய மொங் குடும்பங்கள் மீகொங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களிற் தஞ்சம் புகுந்தன. அவற்றுட் பல பின்னர் மினசோட்டா, விஸ்கொன்சின், கலிபோர்னியா முதலிய மாநிலங்களைச் சென்றடைந்தன.

மொங் பெண்களின் பரம்பரைத் தையற்கலை 'மலர்த்துணி' எனப் பொருள்படும் பெயருடையது. முகாம்களில் அக்கலை மாறியது. கோலங்கள் இருந்த இடத்தில் மனித உருவங்கள் தோன்றின. குண்டு வீசும் விமானமும் ஆற்றைக் கடக்கும் குடும்பமும் துணியில் எழுந்தன. விற்றுப் பிழைப்பதற்காகத் தைத்த அக்கதைத்துணிகளே ஒரு மக்களின் வரலாற்று ஏடுகளாயின. மரபை மாற்றுவது வாழ்க்கையின் நெருக்கடியே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

ஆயினும் அத்துணிகளில் நாம் காணும் குடும்பம் கணவனும் மனைவியும் பிள்ளைகளுமே. மொங் சமூகம் தந்தைவழிக் குலங்களால் ஆனது. புத்தாண்டு விழாவில் இளைஞரும் யுவதியரும் எதிரெதிர் வரிசையில் நின்று பந்தெறிந்து துணை தேடுவர். ஆணை நேசிக்கும் ஆணுக்கும் பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கும் திருநருக்கும் அவ்வரிசையில் இடமில்லை. குலத்தை உதறிச் செல்வதும் எளிதன்று; அகதிக்கு மொழியும் உறவும் ஈமக்கடனும் குலத்தின் வழியே கிடைப்பவை.

2003இல் மினசோட்டாவின் செயின்ற் போல் நகரில் 'ஷேட்ஸ் ஒஃப் யெல்லோ' என்னும் மொங் பால்புதுமையினர் அமைப்புத் தோன்றியது. அது புத்தாண்டு விழாவொன்றையும் நடத்தி வந்தது. இச்செயலின் அரசியலை நாம் உணர வேண்டும். தம்மை விலக்கிய விழாவை அவர்கள் வெறுத்து ஒதுக்கவில்லை; தமதாக்கிக்கொண்டனர். இவர்களது அன்பு அந்நிய நாட்டுத் தொற்று என்போர்க்கு விழாவின் ஆடையும் ஆட்டமுமே விடையாகின்றன.

ஆனால், கருவியாகும் கலை துண்டுப்பிரசுரமாகச் சுருங்கிவிடவுங்கூடும். மலர்த்துணியில் வானவில்லின் நிறங்களைச் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. ஆற்றைக் கடந்தோருள் இவர்களும் இருந்தனர் என்பதை அத்துணி காட்ட வேண்டும். அப்போதுதான் அது ஒரு பிரிவினரின் முறையீடாக நில்லாது, முழுச் சமூகத்தின் வரலாற்றையே திருத்தி எழுதும்.

இதனை நடுத்தர வர்க்க ஆடம்பரம் என ஒதுக்குவோர் நம் அணியிலும் உளர். அவர்கட்கு நாம் கூறுவது ஒன்றே: தன் பிள்ளைகளுட் சிலரை மறைத்துவிட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் எதுவும் முழு விடுதலை அடைவதில்லை.