கையோடு வரும் சந்நிதி

திருமலை என்றதும் எங்கள் சமணக் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது போளூருக்குப் பக்கத்திலுள்ள திருமலைதான். அங்குள்ள குகை ஓவியங்களைப் பார்க்க நாம்தான் போகவேண்டும், பாறை நகராது. வேங்கடத் திருமலையின் கதை வேறு. அங்கே படமே யாத்திரிகரோடு மலையிறங்கி வீட்டுக்கு வந்தது.

சுடுமண்ணில் புடைப்பாகச் செய்த பெருமாளை ஆழமான மரப்பெட்டியில் பதித்து, தங்கரேக்கு ஒட்டி, வர்ணம் பூசுவார்கள். கதவு வைத்த சிறு மரச் சந்நிதிகளும் உண்டு. மூடினால் பெட்டி, திறந்தால் கர்ப்பக்கிருகம். இவற்றைத் தஞ்சாவூர்ப் படத்துக்கு ஒரு படி கீழே வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல என்பதே என் கட்சி. சுவரில் மாட்டும் படத்துக்கான அளவுகோலால் கையோடு கொண்டுபோகும் படத்தை அளக்கலாமா?

இதே வகையில் ஐரோப்பாவில் ஒன்று உண்டு. லண்டன் நேஷனல் காலரியிலுள்ள ‘வில்டன் டிப்டிக்’ சுமார் 1395-99இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சொந்த வழிபாட்டுக்காகத் தீட்டப்பட்டது. ஒவ்வொரு பலகையும் 53 செ.மீ. உயரம், 37 செ.மீ. அகலம். நடுவில் கீல், புத்தகம் போல மூடிக்கொள்ளலாம். ஒரு பலகையில் மன்னர் மண்டியிட்டிருக்கிறார், மறு பலகையில் மாதாவும் குழந்தையும், சுற்றிலும் 11 தேவதூதர்கள். வேலைப்பாடு அபாரம், சந்தேகமில்லை. ஆனால் கூர்ந்து பாருங்கள்: தேவதூதர்கள் மார்பில் மன்னருடைய வெள்ளைமான் சின்னம்! சொர்க்கமே ராஜாவின் கட்சியில் சேர்ந்துவிட்டது. படத்தின் சொந்தக்காரர் படத்துக்குள்ளேயே இருக்கிறார்.

திருப்பதிப் பலகையில் சொந்தக்காரருக்கு இடமில்லை. அவர் வெளியே, கைகூப்பி நிற்கவேண்டியவர். பெருமாளின் கண்களைப் பெரிய நாமம் மறைக்கிறது. கோயிலில் வியாழக்கிழமை நாமத்தைச் சிறிதாக்கி நேத்திர தரிசனம் உண்டு. ஆனாலும் கைவினைஞர் பெரும்பாலும் முழு நாமத்தையே வைக்கிறார். கண் பேசாத இடத்தில் கை பேசுகிறது. வலக்கை கீழ்நோக்கித் திருவடியைக் காட்டுகிறது. வாங்கியவர் ஜமீன்தாரானாலும் சரி, மளிகைக்கடைக்காரரானாலும் சரி, சேதி ஒன்றுதான். அந்தப் பொதுமைதான் இந்தக் கலையின் உயர்வு. அதைக் குறையென்று எண்ணவேண்டாம்.

ஊரைவிட்டு வந்த நம்மவர் வீட்டுப் பூஜை அலமாரிகளிலும் இப்படிப் பழைய பலகை இருக்கலாம். மங்கிவிட்டதென்று வியாபாரியிடம் தள்ளிவிடாதீர்கள். புதுப்பிக்கிறேன் என்று பெயின்ட் அடிக்காதீர்கள், ஈரத்துணியாலும் துடைக்காதீர்கள். திருவடிப் பக்கம் தேய்ந்திருந்தால், பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்ட அடையாளம் அது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.