சிறுவன் கண்ட சமயப் பொதுமை

பாலர் வாயிலாகப் பேருண்மை வெளிப்படுதல் சைவ நன்மக்கட்குப் புதியதோர் செய்தியன்று. சீகாழிப் பிள்ளையார் மூவாண்டில் ஞானப்பால் உண்டருளினார். திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்ட தேவர் பாலராயிருந்தே சகலாகம பண்டிதரை மாணாக்கராக ஏற்றருளினார். அத்திருவெண்ணெய்நல்லூருக்கு மிக்க தொலைவில் இல்லாத புதுச்சேரியில் வளர்ந்தவனாகக் கற்பிக்கப்பட்ட ஒரு சிறுவனைக் கொண்டு சமயங்களின் பொதுமையை ஆராயப் புகுந்த ஆங்கில நவீனம் ஒன்றுண்டு. கனடா தேயத்து யான் மார்ட்டெல் என்பார் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லைஃப் ஆஃப் பை’ என்பதே அது. 2002-இல் புக்கர் பரிசு பெற்று, 2012-இல் ஆங் லீ என்பாரால் திரைப்படமாகவும் ஆக்கப்பட்ட இந்நூலைச் சித்தாந்தக் கண்கொண்டு நோக்குதல் நம் கடனாகும்.

சிறுவன் பெயர் பிசின் மோலிட்டர் படேல். சுருங்கச் சொல்லின், பை. (பாரிசு நகரத்து நீச்சற்குளமொன்றன் பெயரைத் தென்னாட்டுப் பிள்ளைக்கு இட்ட விந்தை ஆசிரியர்க்கே வெளிச்சம்!) தந்தை மிருகக்காட்சிச் சாலை நடத்துபவர்; சமயப்பற்றில்லாதவர். தாயின் தமக்கையார் குழந்தையை மதுரைக் கோயிலொன்றுக்கு எடுத்துச் சென்றதே அவனுக்கு முதற் சமயப்பேறு. பதினான்காம் ஆண்டில் மூணாற்றில் ஒரு பாதிரியாரைக் கண்டு கிறித்து பெருமானிடத்து ஈடுபடுகின்றான். அடுத்த ஆண்டில், புதுவையில் ரொட்டி சுடும் ஒரு சூபி அன்பர் பேச்சினிடையே எழுந்து தொழக் கண்டு இசுலாத்தையும் தழுவுகின்றான். யாதொன்றையும் அவன் விட்டிலன்.

இம்முந்நெறியினுள்ளும் அவன் புகுந்தது கொள்கை வாயிலாக அன்று, வழிபாட்டு வாயிலாக என்பதை அன்பர்கள் ஊன்றி நோக்குக. குங்குமமும் மஞ்சளும் மணியோசையும் அவனைக் கோயிலுக்கு ஈர்த்தன. கடவுள் துன்புறுதல் தகுமோ என வினவி வினவிச் சலித்த அவனுக்குப் பாதிரியார் ‘அன்பு’ என்னும் ஒன்றையே விடையாகத் தந்தார். நெற்றி நிலத்திற் படிய வணங்கியவளவில் இசுலாம் அவனுக்கு உரியதாயிற்று. நம் நூலார் சரியை, கிரியை என வகுத்த படிகளிலேயே சிறுவன் நிற்கின்றான். அப்படிகளிற் பொதுமை உளது, மெய்யாகவே உளது. ஞானபாதத்திற் புகுந்து பதி, பசு, பாசங்களின் இயல்பை வினவுமிடத்தேதான் நெறிகள் பிரிகின்றன. உயிர் கடவுளாற் படைக்கப்பட்டதென்பர் கிறித்தவரும் இசுலாமியரும்; அநாதி என்போம் யாம். கடவுளுக்குக் குமாரர் உண்டென்பார்க்கும் இல்லையென்பார்க்கும் இடையிலுள்ள வழக்கும் எளிதில் தீர்வதன்று. சிறுவன் அவ்வழக்கினுட் புகவில்லை. புகவேண்டிய பருவமும் அவனுக்கு அன்று.

நாத்திகரான ஆசிரியர் ஒருவரையும் அவன் போற்றுகின்றான். அவர் பெயரும் சூபி அன்பர் பெயரும் ஒன்றே, சதீஷ் குமார் என்பது. இருவரும் ஒருநாள் ஒருங்கே நின்று வரிக்குதிரையைக் கண்டு வியக்கும் காட்சி நூலுள் மிக்க நயமுடைத்து. இது படிக்குங்கால், சிவஞான சித்தியார் பரபக்கம் தான் ஆராயும் பதினான்கு மதங்களுள் உலோகாயதத்தை முதற்கண் வைத்தது யம் நினைவிற்கு வந்தது. மறுக்கப்படுவோனாயினும் அவனுக்கும் அவையில் ஓரிடம் உண்டன்றோ! கிறித்தவமும் இசுலாமும் அப்பதினான்கனுள் இல்லை. அவற்றைப்பற்றி ஆராயும் பொறுப்பு நம் காலத்தவரதேயாம்.

குறை கூறவேண்டிய இடம் இரண்டு. சிறுவன் தன் சமயத்தை விளக்குமிடத்து நிர்க்குணப் பிரமம், சகுணப் பிரமம் என்று பகுத்து, ஆன்மா பிரமத்தோடு ஒன்றாதலையே பேசுகின்றான். ஏகான்மவாதமே இந்துக்களின் கொள்கை முழுதும் எனக் கருதும் மேனாட்டார் வழக்கம் ஈண்டும் புகுந்துவிட்டது. அவன் வேண்டுவதோ அன்பு செய்தல் ஒன்றே. அன்பு செய்வானும் செய்யப்படுவானும் இன்றி அன்பு நிகழுமாறு யாங்ஙனம்? இருபொருளாய் நின்றே பிரிப்பின்றிக் கலக்கும் சித்தாந்த அத்துவிதமே அவன் உள்ளக் கிடக்கைக்கு இயைந்தது. தில்லைக்கு அணித்தான ஊரில் அவனை வைத்த ஆசிரியர்க்கு இதனை உரைப்பார் இல்லாது போயினர் போலும்.

மற்றையது பெரிது. கப்பல் கவிழ, 227 நாள் கடலில் ஒரு புலியோடு மிதந்து மெக்சிகோ நாட்டில் கரையேறிய சிறுவனை இரு சப்பானிய அதிகாரிகள் வினவுகின்றனர். விலங்குகள் உள்ள கதை ஒன்றும், விலங்குகள் இல்லாத கொடிய கதை ஒன்றும் கூறி, எது நன்றென்று கேட்கின்றான் அவன். முன்னையதே நன்றென அவர் கூற, கடவுள் திறத்தும் அஃதே என்கின்றான். இதனையே நூலின் முடிமணியாக உலகம் கொண்டாடுகின்றது. யாம் உடன்படோம். இரண்டும் நிறுவப்படாதவிடத்து நெஞ்சம் உயர்ந்ததனைப் பற்றுக என்பதே கருத்தெனின், அப்பற்றுதலின் அருமையை யாமும் மதிக்கின்றோம். ஆயினும் கடவுள் உள்பொருள். நமக்கு இனிதாயிருத்தல்பற்றி நாம் தெரிந்தெடுக்கும் கதையல்லர். உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலைக் கண்டு, அதற்கொரு கருத்தா உண்டென அனுமானத்தால் நிறுவியன்றோ நம் பாலகுரு சிவஞான போதத்தைத் தொடங்கியருளினார்! எல்லாச் சமயமும் இனிய கதையெனின் கலகம் ஒழியும். உடன் கடவுளும் ஒழிவார். குருக்களும் பாதிரியாரும் இமாமும் அவ்விணக்கத்தை ஏலார்; ஏலாமையில் அவர் மூவரும் ஒருமைப்பட்டவரேயாவர். மதுரைக் கோயிலில் விழித்த அக்குழந்தையும் கதை தேர்ந்து நின்றதன்று.

இங்ஙனம் கூறிய யாம் எம்மையும் வினவிக்கொள்ளல் வேண்டும். புதுவைக் கடற்கரையில் அம்மூவரும் சிறுவனைத் தத்தமக்கே உரியவனென வழக்கிட்டு, ஒருவர் சமயத்தை ஒருவர் இழித்துரைத்து, ஈற்றில் ஒன்றனையே அவன் கொள்ளவேண்டுமென நெருக்குகின்றனர். காந்தியடிகள் எல்லாச் சமயமும் உண்மையென்றார், தான் கடவுளை நேசிக்க விரும்புவதே உள்ளது என நாணிக் கூறுகின்றான் சிறுவன். பெரியோர் வாயடைத்து நிற்கின்றனர். புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனச் சமயங்களைப் படிநிலைப்படுத்தி, உச்சியில் நம் நெறியை வைக்கும் யாம் அங்கே நான்காமவராய்ப் போய் நின்றிருப்பேமல்லமோ? அப்படிமுறை உண்மையென்றே யாம் கொள்கின்றோம். எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாகிச் சிவபெருமானே வந்தருளுவர் என அருணந்தி சிவாசாரியார் அருளியதும் அம்முறைபற்றியே. ஆனால் அதனைக் கையிற்கோலாகக் கொண்டு பிறரை அடிக்கப் புகுங்கால், ஆணவத்தின் வடிவம் யாது என வினவி நின்ற சகலாகம பண்டிதரைப் பாலகுரு மேலுங்கீழும் நோக்கியருளிய பார்வை நம்மேலும் படுகின்றது.

திரைப்படத்தில் இக்கடற்கரை வழக்கு விடப்பட்டு, அதனிடத்து வீட்டில் உணவருந்துங்கால் தந்தை கூறும் அறிவுரை வைக்கப்பட்டுள்ளது. படத்தைமட்டும் கண்ட அன்பர்கள் இப்பகுதிக்காகவேனும் நூலை வருவித்துப் படிப்பாராக.