ஏர்க்காடு ஏரியும் மாசு வாரியத்தின் கணக்கும்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏர்க்காட்டிற்கு ஏறியவர்களுக்கு ஒண்டிக்கடை தெரிந்திருக்கும். ஏரிக்கு அருகே சாலைகள் கூடும் இடம் அது. முன்னொரு நாளில் அங்கே ஒரே ஒரு கடைதான் இருந்ததோ என்னவோ, பெயர் அப்படித்தான் சொல்கிறது. இன்று அங்கே நின்று சுற்றிலும் பாருங்கள். விடுதிகள், உணவகங்கள், பழக்கடைகள், வரிசையாய் நிற்கும் கார்கள்! இவ்வளவு பேர் பயன்படுத்திய நீர் எங்கே போகிறது? மலையில் நீருக்குத் தெரிந்த வழி சரிவு ஒன்றே. சரிவின் அடியில் ஏரி இருக்கிறது.

நீரையும் காற்றையும் காக்கும் பொறுப்பு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தினுடையது. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி 1982இல் இது அமைக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டமும் இதன் கையில் உண்டு. ஓர் ஆலையை நிறுவ ஓர் இசைவு, இயக்க மற்றோர் இசைவு என இரண்டையும் வாரியத்திடம் பெறவேண்டும். மீறினால் ஆலையை மூடவும், மின்சாரத்தைத் துண்டிக்கவும் ஆணையிடும் அதிகாரத்தை 1988ஆம் ஆண்டுத் திருத்தம் வழங்கியது. ஆகவே, வாரியத்திற்குப் பல்லே இல்லை என்று சிலர் ஏளனம் செய்வது சரியன்று. பல் இருக்கிறது. கடிக்கவேண்டிய இடம் எது என்பதில்தான் தடுமாற்றம்.

காப்பியை எடுத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையில் இரு நூற்றாண்டுகளாகப் பயிராகும் பொருள் இது. பழுத்த காப்பிப் பழத்தை எந்திரத்திலிட்டுத் தோலை உரித்துக் கழுவும்போது, சர்க்கரையும் வழவழப்பான சதையும் நீரில் கரைகின்றன. அந்நீரை ஓடையில் விட்டால் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று பெருகுகின்றன. பெருகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அவை உறிஞ்சிவிடுகின்றன. இவ்வாறு செலவாகும் ஆக்சிஜனின் அளவே 'உயிர்வேதி ஆக்சிஜன் தேவை' எனப்படுகிறது. நீர் மாதிரியை 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்து இதை அளப்பார்கள். நீர்நிலையில் விடப்படும் கழிவுநீருக்குப் பொதுவான வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். காப்பி கழுவிய நீரிலோ இது ஆயிரக்கணக்கில் இருக்கும். 20 டிகிரி வெப்பமுள்ள தூய நீரின் ஒரு லிட்டரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் ஏறத்தாழ 9 மில்லிகிராம்தான். அப்படியானால், 3000 மில்லிகிராம் தேவையுள்ள ஒரு லிட்டர் கழிவு, முந்நூறு லிட்டருக்கு மேற்பட்ட ஓடை நீரின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். மீன்கள் என்ன செய்யும்?

பறித்த பழத்தை அன்றே உரிக்கவேண்டும் என்பதால் இவ்வேலை பெரும்பாலும் மாலையில் நடக்கிறது. அதுவும் அறுவடைக் காலத்தில் மட்டுமே. ஜூன் மாதம் காலை பத்து மணிக்கு ஓடையில் ஒரு புட்டி நீர் எடுத்தால் அது தெளிவாகத்தான் இருக்கும். அந்த மாதிரியும் பொய்யன்று, ஆனால் கேட்கவேண்டிய கேள்விக்கு அது விடையாகாது.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. 2016இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களுக்கு மதிப்பெண் இட்டுச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என வகைப்படுத்தியது. அப்போது அறுபதும் அதற்கு மேலும் சிவப்பாகவும், இருபதும் அதற்குக் கீழும் வெள்ளையாகவும் இருந்தன. மாநில வாரியங்கள் இவ்வகைகளைக் கொண்டே இசைவு வழங்கலாயின. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மதிப்பெண் பெறுவது தொழில். அது அமர்ந்திருக்கும் நிலம் அன்று. சில அறைகளே கொண்ட விடுதி ஒன்று தீங்கற்றதாகத் தோன்றும். அத்தகைய நூறு விடுதிகளின் கழிவுத் தொட்டிகள் ஒரே ஏரியைச் சுற்றிக் கசிந்தால், அந்த நூறையும் கூட்டிப் பார்க்க மதிப்பெண் பட்டியலில் இடமில்லை. ஒவ்வொன்றையும் ஒண்டிக்கடையாகவே எண்ணும் கணக்கு இது!

பாக்சைட் கதையும் அப்படித்தான். இம்மலையில் வெட்டிய தாது மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. குழி இங்கே, காரம் மிகுந்த சிவப்புச் சேறு அங்கே. 2008இல் உருக்காலை நின்றது. மண்ணின் காயம் ஆலையோடு நின்றுவிடுவதில்லை.

கூட்டிப் பார்க்கும் முறை அறிவியலுக்குத் தெரியாததா? இல்லை. 2009இல் மத்திய வாரியமே நாட்டின் 88 தொழிற்பகுதிகளை, தனித்தனி ஆலைகளாக அல்லாமல், பகுதி பகுதியாக மதிப்பிட்டது. மணலியும் கடலூரும் அதில் மிக மாசுற்றவையாகக் குறிக்கப்பட்டன. புகைபோக்கிகள் நிறைந்த ஊருக்குச் செய்ததை, சுற்றுலா விடுதிகள் நிறைந்த மலைக் கிண்ணத்திற்கும் செய்யலாம். ஏரி தாங்கக்கூடிய கழிவு எவ்வளவு என்று முதலில் கணக்கிட்டு, அந்த அளவுக்குள் இசைவைப் பங்கிட வேண்டும். அடுத்த விடுதிக்கு இடமில்லை எனில் இல்லை என்றே சொல்லவேண்டும். இப்படிச் சொல்வது அதிகாரிகளுக்கு எளிதாயிராது என்பதையும் நான் அறிவேன்.

நீங்கள் மாணவராயின், அடுத்த முறை ஏர்க்காடு செல்லும்போது படகுக்கு வரிசையில் நிற்குமுன் ஏரிக்கரையை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஏரிக்குள் இறங்கும் கால்வாய்கள் எத்தனை, மழையில்லாத நாளிலும் நீர் ஓடுபவை எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். மழையில்லாத நாளில் ஓடும் நீர் எங்கிருந்து வருகிறது என்று மேலே நடந்து பார்த்தால், வாரியத்திற்கு அனுப்பத்தக்க ஒரு வரைபடம் உங்கள் கையில் இருக்கும்.